ஜெராக்ஸ் கடை மூடிய பிறகு

இரவு ஒன்பதே முக்கால். விடிந்தால் அக்கா மகளுக்குப் போட்டித் தேர்வு. ஹால் டிக்கெட் போனில் இருந்தது, தாளில் இல்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஷட்டர் இறங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. “நம்ம வீட்லதான் பிரிண்டர் இருக்கே மாமா” என்றாள்.

இருந்தது. மூன்று நாள் முன்பு ஒரு பையன் வந்து பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிப் போனான். அன்றிலிருந்து பிரிண்டரின் நெற்றியில் நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். லேப்டாப்பிலிருந்து அச்சிடச் சொன்னால் ‘ஆஃப்லைன்’ என்று வந்தது. யுஎஸ்பி கேபிள், பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியோடு பரணில் எங்கோ கிடந்தது. ஏணி பக்கத்து வீட்டில்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன்: அணைத்துப் போட்டேன். இரண்டு முறை. பலனில்லை. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, தனக்கு என்ன கோளாறு என்று கேட்டால் எழுதியே கொடுத்துவிடும் இயந்திரம் வீட்டில் பிரிண்டர் ஒன்றுதான். பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்களில் வைஃபை பொத்தானையோ தகவல் பொத்தானையோ சில நொடி அழுத்திப் பிடித்தால் (எது என்பது மாடலுக்கு மாடல் மாறும்) யார் தயவும் இல்லாமல் தன் நெட்வொர்க் நிலவரத்தை ஒரு தாளில் அடித்துத் தள்ளும்.

எங்களுக்கும் தள்ளியது. மேலே, அது தேடிக்கொண்டிருந்த பழைய ரவுட்டரின் பெயர், எதிரே ‘கிடைக்கவில்லை’. கீழே, அது இருக்கும் மூலையில் அதன் காதுக்கு எட்டுகிற வைஃபைகள் அத்தனையும்: பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றின் சேனல் எண், சிக்னல் பலம். மாடி வீட்டுக்காரர் மகன் பெயரை வைத்திருக்கிறார், எதிர் வீட்டில் குலதெய்வத்தின் பெயர். புதிய ரவுட்டரின் பெயரும் இருந்தது. ஆனால் நாங்கள் எல்லோரும் போனில் பயன்படுத்துகிற, ‘5ஜி’ என்று வால் முளைத்த இன்னொரு பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. அதே ரவுட்டர், அதே அறை. என் போனுக்குக் கேட்பது பிரிண்டருக்குக் கேட்கவில்லை.

இந்த 5ஜி, செல்போன் விளம்பரத்தில் வருகிற ஐந்தாம் தலைமுறை அல்ல. ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். (இப்படி எழுத ஆரம்பித்த புண்ணியவான் யாரோ.) இப்போதைய வீட்டு ரவுட்டர் இரண்டு குரலில் பேசுகிறது. ஒன்று நொடிக்கு சுமார் 240 கோடி முறை அதிர்கிற அலை. மற்றது 500 கோடிக்கும் மேல். முதல் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், ஏறக்குறைய அரைச் சாண். இரண்டாவது மூன்று விரற்கடை. நம் போன்களுக்கு இரண்டு குரலும் கேட்கும். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு அரைச் சாண் அலை மட்டும்தான். கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு பக்கம் அச்சிட வேண்டிய தகவல் ஒரு சினிமாவின் முன் தூசு, அதற்கு வேகம் வேண்டாம். சுவர் தாண்டிப் போவதிலும் நீண்ட அலைதான் கெட்டி.

அந்த அலை வீட்டுக்குள் வந்த வழி வேடிக்கையானது. 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு சில அலைவரிசைகளைத் தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கியது. பொருளைச் சூடாக்கும் கருவிகள் இரைச்சல் போடும் இடம் என்பதால் வானொலிக்காரர்கள் அதைச் சீண்டவில்லை. மைக்ரோவேவ் அடுப்பு இன்றும் 245 கோடி அதிர்வில்தான் சாம்பாரைச் சுட வைக்கிறது. 1985-ல் அமெரிக்க அரசு அந்தப் புறம்போக்கில் உரிமம் வாங்காமலே யாரும் பேசலாம் என்று அனுமதித்தது. இந்தியாவில் அந்த அனுமதி 2005-ல் வந்தது. அதனால்தான் வைஃபை வைக்க நாம் எந்த அலுவலகத்திலும் மனுப்போட வேண்டியதில்லை. அதனாலேயே அங்கே கூட்டமும் அதிகம். 13 சேனல்கள் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஆனால் ஒரு ரவுட்டர் பேசினால் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவும். ஒன்றோடொன்று இடிக்காமல் உட்கார வழக்கமாக எடுக்கும் இடம் 1, 6, 11 என்று மூன்றுதான். என் கையில் இருந்த தாளின்படி, மூவர் அமரும் பஸ் இருக்கையில் பதினோரு பேர்.

எங்கள் பெயருக்கு எதிரே சிக்னல் −70 என்று போட்டிருந்தது. இதை வாட்டில் சொன்னால்தான் தலை சுற்றும். ரவுட்டரின் ஆண்டெனாவிலிருந்து கிளம்புவதே சுமார் 0.1 வாட், ஜீரோ வாட் என்று பெயர் சொல்லி விற்ற பழைய ராத்திரி பல்பே 15 வாட் வரை குடிக்கும். −70 என்றால் பிரிண்டரின் ஆண்டெனாவில் வந்து விழுவது ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு கொஞ்சத்திலிருந்து அது எழுத்துகளைப் பிரித்து எடுக்கிறது. நடுவில் எங்கள் இரும்பு பீரோ வேறு. உலோகத்தைக் கண்டால் அலை திரும்பி ஓடிவிடும். பிரிண்டர் மேஜையை ஒன்றரை அடி இழுத்து, பீரோவின் மறைவிலிருந்து வெளியே கொண்டுவந்தேன்.

அடுத்தது பெயர். புது ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், அரைச் சாண் அலைக்குப் பழைய ரவுட்டரின் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்தேன். இரண்டும் வேண்டும். இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள டபிள்யூபிஏ2 முறையில் கடவுச்சொல் அப்படியே காற்றில் போவதில்லை. வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து 4,096 தடவை அரைத்து ஒரு சாவி செய்கிறார்கள். அந்தச் சாவி தன்னிடம் இருப்பதை இரு தரப்பும் சாவியை வெளியே எடுக்காமலே நிரூபித்துக்கொள்கின்றன. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வேறு சாவி. இரண்டும் பழையபடியே இருந்தால் பழைய கருவிகளுக்கு ரவுட்டர் மாறியதே தெரியாது. ஒரே விலக்கு, ரவுட்டர் 2018-ல் வந்த டபிள்யூபிஏ3-ஐ மட்டும் பேசுவேன் என்று அடம்பிடித்தால் பழைய பிரிண்டர்கள் வாசலிலேயே நின்றுவிடும். அமைப்பில் இரண்டும் கலந்த முறைக்கு மாற்ற வேண்டும்.

ரவுட்டர் அணைந்து விழிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் இவளுக்கு ஒரு கதை சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் எவ்வளவு காதில் விழுந்ததோ.

ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளைப் பின்னுகிற நெட்வொர்க் இன்றைய வடிவில் பிறந்ததற்கே முக்கியக் காரணம் ஒரு பிரிண்டர்தான். பிறந்த இடம் ஜெராக்ஸ். நம் ஊரில் நகலெடுப்பதற்கே பெயராகிப்போன அதே நிறுவனம், 1970-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓர் ஆய்வகம் திறந்தது. அங்கே கேரி ஸ்டார்க்வெதர் என்ற பொறியாளர் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். அங்குலத்துக்கு 500 புள்ளி, நொடிக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பினால் சுமார் 2.3 கோடி பிட். அப்போது கணினிக்கு இழுத்திருந்த நல்ல கம்பி ஒன்றில் நொடிக்கு 9,600 பிட் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நொடியில் அடிக்க வேண்டிய பக்கம் வந்து சேரவே 40 நிமிடம். ஆய்வகத்தில் ஒவ்வொருவர் மேஜைக்கும் ஒரு கணினி வரப்போகிறது, எல்லோருக்கும் பொதுவாக ஒரே பிரிண்டர். இவற்றை இணைக்கும் வேலை பாப் மெட்காஃப் என்ற இளைஞரிடம் வந்தது.

அவர் ஹவாயிலிருந்து வந்த ஓர் ஆய்வுத்தாளைப் படித்திருந்தார். நார்மன் ஏப்ரம்சனும் கூட்டாளிகளும் 1971-ல் அந்தத் தீவுகளை ரேடியோ அலையால் ஒரு மையக் கணினியோடு இணைத்திருந்தார்கள். பெயர் அலோஹா. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை, முறைவைக்க ஆள் கிடையாது. வேண்டியபோது பேசு. இருவர் பேச்சு மோதினால் ‘வந்தது’ என்ற பதில் வராது. பதில் வரவில்லையா, குத்துமதிப்பாகக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பேசு. அவ்வளவுதான் சட்டம். போனில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயெடுத்து, “நீங்க சொல்லுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று மறுபடி இடித்துக்கொள்வோமே, அதற்கு இதுதான் தீர்வு: இருவரும் வேறு வேறு நேரம் காத்திருப்பது. ஆனால் விலை உண்டு. கணக்குப்படி அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும்.

மெட்காஃப், பேசுவதற்கு முன் காது கொடு, பேசும்போதும் காது கொடு என்று சேர்த்தார். காற்றுக்குப் பதில் ஒரே தடித்த கம்பி. 1973 மே 22 தேதியிட்ட குறிப்பில் அதற்கு ஈதர்நெட் என்று பெயர் வைத்தார். ஒளி பாய்ந்துவர வெளியெங்கும் ஈதர் என்ற ஒன்று நிரம்பியிருப்பதாக இயற்பியலாளர்கள் ஒரு காலத்தில் நம்பி, தேடிக் காணாமல் கைவிட்ட சொல் அது. டேவிட் பாக்ஸ் என்ற சகாவோடு அவர் கட்டிய முதல் ஈதர்நெட் நொடிக்கு 29.4 லட்சம் பிட் கடத்தியது. நாற்பது நிமிடப் பக்கம் எட்டு நொடியில் வந்து சேரும்.

1997-ல் வந்த வைஃபை தரநிலை அந்தப் பேச்சை மறுபடி காற்றுக்கு ஏற்றியது. காற்றில் ஒரு சங்கடம். பேசிக்கொண்டிருக்கும் ரேடியோவுக்கு அதன் சொந்தக் கத்தலில் வேறு எதுவும் கேட்காது; ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வாட்டை எங்கே கேட்பது? அதனால் வைஃபை கூடுதல் மரியாதைக்காரன். காற்று ஓய்ந்ததா என்று பார்க்கிறது. ஓய்ந்தாலும் பாய்வதில்லை. 0 முதல் 15-க்குள் மனம்போன ஓர் எண்ணை எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் நொடியின் பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு நேரம் எண்ணிவிட்டுப் பேசுகிறது. மோதினால் அடுத்த முறை இன்னும் பெரிய வரம்புக்குள் ஓர் எண். என் வீட்டிலும் மாடியிலும் எதிர் வீட்டிலும் இந்த எண்ணிக்கை விடாமல் நடந்துகொண்டிருக்கிறது.

“மாமா, லைட் நின்னு எரியுது” என்றாள்.

எரிந்தது. லேப்டாப்பில் இன்னும் ‘ஆஃப்லைன்’.

இரண்டாம் தாள் அடித்தோம். சிக்னல் −58, அதாவது பீரோவை விட்டு விலகியதில் பதினாறு மடங்கு பலம். முகவரி 192.168.1.7. இங்கேதான் முடிச்சு. நெட்வொர்க்கில் நுழையும் கருவிக்கு ரவுட்டர் ஒரு முகவரியை வாடகைக்குத் தருகிறது, சொந்தமாக அல்ல. பழைய ரவுட்டர் தந்த வீடுகள் 192.168.0 என்ற தெருவில் இருந்தன. புதியவர் தருவது 192.168.1 தெருவில். லேப்டாப் மூன்று நாளாகப் பழைய தெருவில் காலி மனையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வைஃபை சரியாக இருந்தும் ‘ஆஃப்லைன்’ என்று வருவதற்கு நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். தாளில் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் அது வேறு கதை: ரவுட்டர் வீடே தரவில்லை, நானாகத் திண்ணையில் படுத்துக்கொண்டேன் என்று பொருள். அதற்கு ரவுட்டரை அணைத்துப் போடுவதே முதல் மருந்து.

லேப்டாப்பில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கச் சொன்னேன். அப்போது லேப்டாப் தெருவில் நின்று கூவுகிறது: இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா? 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு அனுப்பினால் வீட்டிலுள்ள அத்தனை கருவிகளுக்கும் கேட்கும். பிரிண்டர் மட்டும் தன் பெயரும் முகவரியும் சொல்லிப் பதில் தரும். ஆப்பிளில் ஸ்டூவர்ட் செஷைர் என்பவர் முன்னின்று உருவாக்கி 2002-ல் வந்த ஏற்பாடு இது. லேப்டாப் 5ஜி குரலிலும் பிரிண்டர் மற்ற குரலிலும் பேசினாலும் பரவாயில்லை, ரவுட்டருக்குள் பொதுவாக இரண்டும் ஒரே வீடு. விருந்தினர் வைஃபை மட்டும் அப்படியில்லை. நண்பர் ஒருவர் ஒரு ஞாயிறு முழுக்கப் பிரிண்டரோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பார்த்தால் அவர் போன் விருந்தினர் வைஃபையில் இருந்தது. அங்கே இருப்பவர்கள் இணையத்துக்குப் போகலாம், வீட்டுக்காரர்களோடு பேச முடியாது. கூவல் வெளியே கேட்காது.

எங்கள் கூவலுக்குப் பதில் வந்தது. பிரிண்டர் இரண்டு முறை முனகிவிட்டுத் தாளை இழுத்தது. பத்தேகால் ஆகியிருந்தது.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள், திருப்பினாள். “பின்னாடி என்ன மாமா இது?”

ஒரு பக்கம் அடித்த தாளை வீணாக்காமல் திரும்ப டிரேயில் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். பேச்சு சுவாரசியத்தில் முதல் தாளையும் அப்படியே போட்டிருக்கிறேன். ஹால் டிக்கெட்டின் முதுகில் தெருவில் உள்ள பதினோரு வைஃபைகளும் சேனல் எண்ணோடு வரிசையாக நின்றன, எதிர் வீட்டுக் குலதெய்வம் உட்பட. புதுத் தாள் வைத்து இன்னொன்று அடித்துக் கொடுத்தேன். 192.168.1.7 இருந்த இரண்டாம் தாளை மட்டும் டிரேயிலிருந்து எடுத்து, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.