பழங்களையும் மரக்கறிகளையும் மின் உலர்த்தியில் உலர்த்துதல்

தை பிறந்த பின்னர் தக்காளி, கத்தரி, பாகல் முதலியன சந்தையில் மலிந்து கிடப்பதும், பறிக்குங் கூலிக்கும் ஏற்றுகூலிக்கும் விலை போதாதெனக் கண்ட கமக்காரர் காய்களைச் செடியிலேயே அழுக விடுவதும் ஆண்டுதோறும் காணப்படுபவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் அதே காய்கள் எட்டா விலைக்கு ஏறிவிடும். மலிவுக்கும் பஞ்சத்துக்கும் இடையிலுள்ள இப்பள்ளத்தை முன்னோர் வெயிலைக் கொண்டே நிரப்பினர். பாகற்காய் வற்றல், கத்தரி வற்றல், மோர்மிளகாய், வடகம், ஒடியல், பனாட்டு ஆகியவை யாழ்ப்பாணத்து வீடுகளில் மாரிகாலத்துக்கெனச் சேமிக்கப்பட்டவை. சிங்களக் கிராமங்களிலும் பலாச்சுளையைக் கீறி உலர்த்தி ‘அட்டு கொஸ்’ என்னும் பெயரில் வைத்திருப்பர்.

வெயிலுக்கு விலையில்லை, ஆயினும் அது வேண்டிய வேளையில் கிடைப்பதுமில்லை. வெயிலில் நன்கு உலர்த்துவதற்கு வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேலாகவும், காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 60 இற்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் இந்நிலை தொடர்ந்து சில நாட்களுக்குக் கிடைப்பது அரிது. வடபகுதியில் மாம்பழம் மலியும் வைகாசி, ஆனி மாதங்களில் வெயில் உண்டு; கூடவே சோளகக் காற்று மணலை வாரிப் பாயில் இறைக்கும். பகலிற் காய்ந்த பொருள் இரவில் ஈரத்தை மீண்டும் உறிஞ்சும். இவ்வாறு இரண்டு மூன்று நாட்கள் அரைகுறை ஈரத்தில் கிடப்பதே பூஞ்சணம் பிடிப்பதற்குக் காரணமாகும்.

பூஞ்சணம் பிடித்த வற்றலைத் துடைத்து மீண்டும் வெயிலிற் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இது கைவிடப்பட வேண்டிய வழக்கமாகும். மிளகாய், நிலக்கடலை, கொப்பரா போன்றவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃபிளாரொக்சின் எனப்படும் நஞ்சை உண்டாக்குகின்றது. அந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்கும் ஏதுவாவது. துடைப்பதாலும் கழுவுவதாலும் அது போகாது. சாதாரணச் சமையல் வெப்பத்தாலும் அழியாது. அத்தகைய வற்றலைப் புதைத்துவிடுவதன்றி வேறு வழியில்லை.

மழைநாளிலும் இரவிலும் இடைவிடாது உலர்த்தக்கூடிய சிறு மின் உலர்த்திகள் இப்போது கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்க எண்ணுவோர் அவற்றால் ஆவதையும் ஆகாததையும் முன்னரே அறிந்திருத்தல் நன்று.

உலர்த்தி தொழிற்படும் முறை

மின் உலர்த்தி என்பது வெப்பச் சுருள், விசிறி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்துங் கருவி, துளையுள்ள தட்டுகள் ஆகியன அமைந்த ஒரு பெட்டியே. உலர்த்தும் வேலையைச் செய்வது சூடு மட்டுமன்று. காற்றின் வறட்சியும் ஓட்டமுமே முக்கியமானவை. மழைநாளில் 27 பாகையில் நூற்றுக்கு 85 ஈரப்பதனுள்ள காற்றை 57 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் நூற்றுக்கு 20 இற்கும் கீழே இறங்கிவிடும். காற்றிலிருந்து நீர் அகலவில்லை. சூடான காற்று மேலும் நீரை ஏற்கும் ஆற்றலைப் பெற்றது. விசிறி அக்காற்றைத் துண்டுகளின் மீது செலுத்த, அது ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகின்றது. ஆகையால் உலர்த்தியைச் சாளரம் திறந்த அறையில் வைத்தல் வேண்டும். பூட்டிய சிற்றறையில் வைத்தால் வெளியேறிய ஈரக்காற்றே மீண்டும் உள்ளே புகும்.

உலர்த்திகள் இருவகைப்படும். விசிறி அடியில் அமைந்து, வட்டத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவது ஒருவகை. இது விலை குறைந்தது. ஆயினும் அடித்தட்டு முந்தியும் மேற்தட்டு பிந்தியும் உலருமாதலால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்ற வேண்டும். பழச்சாறு சொட்டி விசிறியிற் படுவதும் உண்டு. விசிறி பின்புறத்தில் அமைந்து, தட்டுகள் இலாச்சி போலச் செருகப்படுவது மற்றவகை. இதில் எல்லாத் தட்டுகளும் ஏறக்குறைய ஒருங்கே உலரும். எவ்வகையாயினும் வெப்பநிலையை மாற்றும் வசதியில்லாத உலர்த்தியை வாங்குதல் வீண் செலவு. புவித்தொடுப்புக் கம்பியுள்ள மூன்று முனைச் செருகியிலேயே இதனை இணைத்தல் வேண்டும்; ஈரக்கையால் தொடுதல் கூடாது.

மின்செலவு

வாங்குமுன் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியது இதுவே. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்குவதற்குக் குறைந்தபட்சம் ஓர் அலகு மின்சாரத்தின் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இது இயற்கையின் விதி. வெப்பச் சுருளால் இயங்கும் உலர்த்தியில் இதனைக் குறைத்தல் இயலாது. சூடான காற்று வெளியேறுவதால் வீட்டு உலர்த்தியில் இதன் இருமடங்கேனும் செலவாகும். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு நீர். பத்துக் கிலோகிராம் தக்காளியை உலர்த்தின் 9 கிலோகிராமுக்கு மேற்பட்ட நீரை அகற்ற வேண்டும். 12 அலகுக்குக் குறையாத மின்சாரம் செலவாகும். எஞ்சுவது 700 கிராமுக்கும் குறைவான வற்றலே. வீட்டு மின்கட்டணம் படிமுறையானது என்பதையும் மறத்தலாகாது. மாதத்திற் செலவாகும் அலகுகள் கூடும்போது ஓரலகின் விலையும் ஏறும். பத்து நாள் தொடர்ந்து உலர்த்தியை ஓட்டியவர், அதனால் வீட்டின் முழுப்பாவனையும் அடுத்த படிக்கு ஏறிவிட்டதைப் பட்டியல் வந்த பின்னரே காண்பர். மானியை முதல் நாள் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஆகவே, விற்பனையாகாத ஒரு வண்டித் தக்காளியை இச்சிறு கருவி காப்பாற்றும் என எவரும் நம்புதல் கூடாது. 500 வாற்று வலுவுள்ள உலர்த்தி ஒரு தடவையில் மூன்று கிலோகிராம் அளவையே செவ்வையாக உலர்த்தும். இது வீட்டுத் தேவைக்கும், விலையுயர்ந்த சிறு பொருள்களுக்கும் ஏற்றதேயன்றிப் பெருவிளைச்சலுக்கு ஏற்றதன்று. வெயிலையும் மின்சாரத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவோரே மிகுந்த நயம் பெறுவர். காலையில் வலையால் மூடிய தட்டுகளில் வெயிலில் வைத்து, பிற்பகலில் ஈரம் பாதியளவு போனபின் உலர்த்தியில் இட்டு இரவில் முடித்துக்கொண்டால் செலவும் பாதியளவாகும். இரவு ஈரத்தாற் பூஞ்சணம் பிடிக்கும் அச்சமும் இல்லை.

எவற்றை உலர்த்தலாம்

மாம்பழம், வாழைப்பழம், அன்னாசி, பலாச்சுளை ஆகியன மிக நன்றாக உலரும். மரக்கறிகளில் பாகல், கத்தரி, தக்காளி, கரற், போஞ்சி, வெண்டி என்பனவும், இலைகளில் முருங்கையிலை, கறிவேப்பிலை, வல்லாரை என்பனவும் ஏற்றவை. வெள்ளரியையும் புடோலையும் உலர்த்துவதால் மிஞ்சுவது நாரே. முற்றிய பூசினி தானாகவே சில மாதங்கள் கெடாதிருக்குமாதலால் அதற்கு மின்சாரம் செலவிடுதல் வீண். வெங்காயத்தையும் பழத்தையும் ஒரே தடவையில் உலர்த்தினால் பழம் முழுவதும் வெங்காயம் மணக்கும்.

அழுகத் தொடங்கிய காயை வீணாக்காதிருத்தற்கு உலர்த்துவோர் உளர். உலர்த்துதல் அழுகலை நீக்காது. அழுகலையே உலர்த்தி வைக்கும். முற்றிப் பழுத்து, ஊறுபடாத பழமே இதற்கு உரியது.

காய்களைக் கழுவி, 5 அல்லது 6 மில்லிமீற்றர்த் தடிப்பில் ஒரே அளவாக வெட்டுதல் வேண்டும். துண்டுகள் தடித்தும் மெலிந்தும் இருப்பின் ஒரு தட்டிலேயே சில கருகச் சில ஈரமாயிருக்கும். கரற், போஞ்சி, கோவா ஆகியவற்றைக் கொதிநீரில் இரண்டு முதல் நான்கு நிமிடங்கள் அமிழ்த்தி, உடனே குளிர்நீரிலிட்டு வடித்துக்கொள்ள வேண்டும். காய்களிலுள்ள நொதியங்கள் இதனாற் செயலிழக்கும். இன்றேல் வைத்திருக்கும் காலத்தில் நிறமும் மணமுங் கெட்டு வைக்கோல் வாடை வீசும். தக்காளி, வெண்டி, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றுக்கு இது வேண்டியதில்லை. பாகலையும் கத்தரியையும் வழக்கம்போல் உப்பும் மஞ்சளும் தடவி வைத்துப் பிழிந்தெடுக்கலாம். வாழைப்பழமும் மாம்பழமும் கறுக்காதிருக்க, தேசிக்காய்ச் சாற்றையும் நீரையும் சம அளவிற் கலந்து பத்து நிமிடங்கள் ஊறவிடுதல் போதும். கந்தகப் புகை ஊட்டுதலை வீட்டில் தவிர்த்தல் நன்று. இழுப்பு நோயுள்ளோருக்கு அது தீங்கு செய்யும். உலர்த்தியினுள்ளே கந்தகத்தை எரித்தல் ஒருபோதும் ஆகாது.

துண்டுகளை ஒரே படையாக, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு பரப்ப வேண்டும். பழங்களுக்கு 57 பாகையும், மரக்கறிகளுக்கு 52 முதல் 57 வரையும், இலைகளுக்கு 40 பாகைக்கு மேற்படாத வெப்பமும் தக்கவை. விரைவில் முடிக்கும் பொருட்டு வெப்பத்தைக் கூட்டுவதே பலர் செய்யும் பிழை. அவ்வாறு செய்யின் துண்டின் வெளிப்புறம் தோல்போல் இறுகி, உள்ளீரம் வெளியேற வழியின்றி அடைபடும். பார்வைக்கு நன்கு உலர்ந்ததாகத் தோன்றும் அத்துண்டு போத்தலினுள் சில கிழமைகளில் பூஞ்சணம் பிடிக்கும். பாதி உலர்ந்த தட்டுகளுக்கிடையே புதிய துண்டுகளைச் சேர்த்தலும் ஆகாது. உலர்ந்தவை புதியவற்றின் ஈரத்தை வாங்கிவிடும்.

பனாட்டுப் போட அறிந்த வீடுகளில் மாம்பழக் களியையும் அவ்வாறே உலர்த்தலாம். நன்கு கனிந்து அழகு குன்றிய பழங்கள் இதற்குப் போதும். களியை வடித்து, எண்ணெய் தடவிய தகட்டில் 4 மில்லிமீற்றர் அளவு பரப்பி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை வைத்து, சுருட்டி எடுத்துக்கொள்ளலாம். விளிம்பு முந்தி உலருமாதலால் நடுவிற் சற்று மெல்லிதாகப் பரப்புதல் வேண்டும்.

விதைக்கென வைத்த மிளகாய், கத்தரி, பயற்றை விதைகளை மேற்கூறிய வெப்பத்தில் உலர்த்தினால் முளைதிறன் கெடும். அவற்றை 35 பாகைக்கு மேற்படாத காற்றில், நிழலில் உலர்த்துக. மீனையும் இறைச்சியையும் இவ்வெப்பத்தில் உலர்த்துதல் உயிருக்கே ஆபத்து. நோய்க்கிருமிகள் அதில் அழியா.

மின்சாரம் இடையில் நின்றுவிட்டால், இளஞ்சூடும் ஈரமும் நிறைந்த மூடிய பெட்டி கிருமிகளுக்கு ஏற்ற இடமாகிவிடும். 2022 ஆம் ஆண்டு பங்குனியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். தடை ஏற்பட்டதும் தட்டுகளைப் பிரித்துக் காற்றில் வைத்தல் வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துள் மின்சாரம் மீளாவிடின் வெயிலுக்கோ சமையலுக்கோ அவற்றை அனுப்பிவிடுதல் நன்று.

பதமறிதலும் பேணலும்

சூட்டோடு தொட்டுப் பார்த்துப் பதங்கூறுதல் இயலாது. இரண்டொரு துண்டுகளை எடுத்து அரைமணி நேரம் ஆறவிட்டபின் பார்க்க வேண்டும். மரக்கறி ஒடிய வேண்டும். இலை கையிற் பொடிய வேண்டும். பழம் தோல்போல் வளைய, பிய்த்த இடத்தை அழுத்தினாலும் நீர்ப்பொட்டுத் தோன்றாதிருக்க வேண்டும். தராசு உள்ளோர்க்கு இதனினும் நம்பத்தக்க வழியுண்டு. துப்புரவாக்கிய கரற் ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 130 கிராமாகவும், தோல் நீக்கிய வாழைப்பழம் ஒரு கிலோகிராம் 300 கிராமாகவும் குறையும்வரை பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது.

உலர்ந்த பழத்தை உடனே இறுக மூடி அடுக்கி வைப்பதிலும் பார்க்க, கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, ஒரு கிழமை வரை நாள்தோறும் குலுக்கிப் பார்ப்பது சிறந்தது. சில துண்டுகளில் எஞ்சிய ஈரம் இவ்வாறு எங்கும் சமமாகப் பரவும். போத்தலின் உட்புறத்தில் நீர் துளிர்ப்பின் எல்லாவற்றையும் மீண்டும் உலர்த்தியில் இடுதல் வேண்டும். வெயிலில் மட்டும் உலர்த்தியவற்றில் பூச்சி முட்டைகள் இருக்கக்கூடுமாதலால், அவற்றை 71 பாகையில் அரைமணி நேரம் சூடாக்கியோ, உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்தோ பின்னர் அடைக்க வேண்டும்.

இருளும் குளிர்ச்சியும் உள்ள இடத்திற் போத்தல்களை வைத்தல் வேண்டும். அடுப்பின் மேலுள்ள பரண் சூடுடையதாதலால் இதற்கு ஆகாது. இந்நாட்டுச் சமவெளியின் வெப்பத்தில் உலர்ந்த பழம் ஏறக்குறைய ஆறு மாதமும் மரக்கறி மூன்று மாதமும் நல்ல சுவையோடிருக்கும். ஒரு பெரிய போத்தலை அடிக்கடி திறந்து மூடுவதிலும் பல சிறு போத்தல்களில் அடைத்தல் பாதுகாப்பானது. ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். உலர்த்திய நாளை ஒட்டி எழுதி வைக்க வேண்டும்.

உலர்த்துவதால் உயிர்ச்சத்து சீ பெரிதும் குறைந்துவிடும். ஆனால், நேர்வெயில் படாது உலர்த்திய முருங்கையிலையிலும் கரற்றிலும் உயிர்ச்சத்து ஏ தரும் கரற்றீன் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். சமைக்கும்போது ஒரு பங்கு வற்றலுக்கு இரு பங்கு நீர் சேர்த்து, இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்படாமல் ஊறவிட்டு, ஊறிய நீருடனேயே கறியாக்குதல் வேண்டும்.

உலர்த்தியவற்றை அயலவருக்கோ கடைக்கோ விற்க எண்ணுவோர் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைய நடத்தல் வேண்டும். பொதியில் எழுத வேண்டிய விவரங்களையும், தயாரிக்கும் இடம் இருக்க வேண்டிய முறையையும் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்துகொண்ட பின்னரே விற்பனையைத் தொடங்கலாம்.