எட்டடிக் குழியில் மூச்சு எங்கே போகிறது?

“வெண்ணாத்துல முங்குனான்னா பாதி ஆத்துக்கு அந்தாண்டதான் தம்பி எந்திரிப்பான். அப்படித் தம் கட்டுற புள்ள. எட்டடிக் குழியில எப்படிச் செத்தான்?”

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி இறந்துபோன ஓர் இளைஞரின் தாய், சாவு வீட்டுப் பந்தலின் கீழ் என்னிடம் கேட்ட கேள்வி இது. வழக்குப் பதிவு, உடற்கூறாய்வு, இழப்பீடு என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த எனக்கு இதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. நான் தமிழ் படித்தவன். பிறகு மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டேன். அந்தப் பதில் அந்தத் தாய்க்கு மட்டும் உரியதல்ல. வீட்டில் செப்டிக் டேங்க் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

மேட்டூர் முதல் கடைமடை வரை

உடம்புக்குள் ஆக்சிஜன் போகும் பாதையை டெல்டாக்காரர்களுக்குச் சொல்வது எளிது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் கன்னி வாய்க்காலாகவும் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் கடைமடை வயலில் நெல்லின் வேரைத் தொடுகிறது. மூச்சும் அப்படித்தான்.

நாம் இழுக்கும் காற்றில் 100-க்கு 21 பங்கு ஆக்சிஜன். அது மூச்சுக்குழாய் வழியாக இறங்கி, இரண்டாகி, நான்காகி, இருபது தடவைக்கு மேல் கிளை பிரிந்து, நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை அடைகிறது. இந்த அறைகள் 30 கோடிக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 750 சதுர அடி வரும். நம் நிலக் கணக்கில் ஏறத்தாழ 5 குழி. இவ்வளவு பெரிய பரப்பை நெஞ்சுக்கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறது இயற்கை.

காற்றறையின் சுவரை ஒட்டியே மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள தடுப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வதுபோல, ஆக்சிஜன் அதிகமாக உள்ள காற்றிலிருந்து குறைவாக உள்ள ரத்தத்துக்குள் பாய்கிறது. தள்ளிவிட மோட்டார் எதுவும் இல்லை. இந்த மேடு பள்ளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் நடப்பது இதை வைத்துத்தான்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். இரும்புச் சத்தால் ஆன நான்கு பிடிகள் அதற்கு உண்டு. ஒவ்வொரு பிடியும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். சுமை ஏற்றிய ரத்தம் இதயத்தின் இடப்பக்கம் வந்து உடம்பு முழுவதும் போகிறது. சுமை இறக்கிய ரத்தம் வலப்பக்கம் திரும்பி மறுபடி நுரையீரலுக்குப் போகிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. மண்வெட்டி பிடித்து வேலை செய்யும்போது அது பல மடங்காகும்.

கடைமடை என்பது உடம்பின் ஒவ்வொரு செல்லும்தான். அங்கே ஆக்சிஜனை வாங்கி, சாப்பிட்ட சோற்றைச் சக்தியாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. இந்தக் கடைமடைகளில் அதிகம் கேட்பது மூளை. உடம்பின் எடையில் அது 2 சதவீதம். செலவழிக்கும் ஆக்சிஜனோ 20 சதவீதம். சேமித்து வைக்க அதற்குப் பத்தாயம் கிடையாது. நான்கைந்து நிமிடம் வரத்து நின்றால் மூளை அழியத் தொடங்கும்.

குழிக்குள் நடப்பது

நடவு வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழ்கள் கிளம்பும். சில சமயம் அழுகிய முட்டை நாற்றமும் வரும். காற்று புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் அவை. வயலுக்கு மேலே வானம் திறந்திருப்பதால் நடவுப் பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே நுண்ணுயிர்கள் மூடிய தொட்டிக்குள் மாதக்கணக்கில் அதே வேலையைச் செய்கின்றன. வாயுக்கள் வெளியேற வழியில்லை. பாதி, கசடுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அதனால்தான் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டோமே என்ற சமாதானம் செல்லாது. உள்ளே இறங்கிக் கசடைக் கிளறிய நொடியில் அடைபட்டது மொத்தமும் கிளம்பும்.

இப்போது அந்த மேடு பள்ளத்துக்கு வருவோம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்தானது என்பது தொழிலகப் பாதுகாப்புக் கணக்கு. 10 சதவீதத்துக்குக் கீழே நினைவு தப்பும். சுமார் 6 சதவீதத்துக்கும் கீழே போனால் பாய்ச்சலே திரும்பிவிடுகிறது. காற்றில் இருப்பதைவிட ரத்தத்தில் அதிகமாக இருப்பதால், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் நுரையீரலுக்குள் வடிந்து, விடும் மூச்சோடு வெளியே போகிறது. இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் இருப்பதையும் பிடுங்கிக்கொண்டு போகிறது.

இரண்டாவது, ஹைட்ரஜன் சல்பைடு. அது நேராகக் கடைமடைக்குப் போய், ஆக்சிஜனை வாங்கும் நொதியை அடைத்துவிடுகிறது. சயனைடு செய்வதும் இதே வேலைதான். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தும் வயலின் மடை அடைபட்டால் என்ன ஆகுமோ, அதுதான். 10 லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 700 முதல் 1,000 பங்கு இருந்தாலே, சில மூச்சுகளில் ஆள் சுருண்டு விழுவார். மூச்சை நடத்தும் மூளைப் பகுதியும் நின்றுபோகும்.

நாற்றம் காட்டிக் கொடுக்காதா என்று கேட்கலாம். அதிலும் ஏமாற்று இருக்கிறது. 100 பங்கு அளவை எட்டும்போதே இந்த வாயு மூக்கின் மோப்பத்தை மரக்கச் செய்துவிடும். “இப்ப நாத்தம் இல்லண்ணே” என்று உள்ளிருந்து குரல் வந்தால், அதுதான் அபாயக் குரல். மூச்சு முட்டும் உணர்வும் நம்பக்கூடியதல்ல. அந்த உணர்வை எழுப்புவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயுதான். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அவ்வளவு கூர்மையாக அறிவதில்லை. மூக்கில் கட்டும் துண்டும் முகக்கவசமும் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

அந்தத் தாய்க்கான பதில் இதுதான். ஆற்றில் முங்கியபோது மகனின் நெஞ்சுக்குள் நல்ல காற்று இருந்தது. ரத்தம் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. குழிக்குள் வாளி தூக்கி வேலை செய்பவரால் தம் கட்ட முடியாது. மூச்சு இழுத்தே தீர வேண்டும். இழுத்த மூச்சுதான் கொன்றது. பலம், பழக்கம், நீச்சல், வயது எதுவும் அங்கே உதவாது.

காப்பாற்றப் போனவர்களும்

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் 6 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு தந்தையும் அவருடைய இரண்டு மகன்களும் இருந்தார்கள். 2020 ஜூலையில் தூத்துக்குடி மாவட்டம் கீழச்செக்காரக்குடியில் 4 பேர். 2022 ஏப்ரலில் மதுரையில் மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் 3 ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒருவர் விழுந்ததும், தூக்கிவிடப் போன அண்ணனோ மகனோ கூட்டாளியோ அடுத்து விழுவது இந்தச் சாவுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. முதல் ஆளைச் சாய்த்த காற்றைத்தான் அடுத்தவரும் இழுக்கிறார். பாசத்தில் குதிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இறங்காதீர்கள். எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு 101-க்கும் 108-க்கும் அழையுங்கள். முதுகில் காற்று உருளை கட்டிய தீயணைப்பு வீரர் மட்டுமே உள்ளே போக முடியும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கக் கூடாது, மீத்தேன் வெடிக்கும்.

தாக்கியது வாயுவா?

“விஷவாயு தாக்கிப் பலி” என்றுதான் செய்தி வருகிறது. வாயு யாரையும் தேடிப் போய்த் தாக்கவில்லை. அது இருக்கும் இடத்துக்குள் ஒரு மனிதர் அனுப்பப்பட்டார். அனுப்பியவர் யார் என்பதை அந்தத் தலைப்பு மறைக்கிறது. “குடித்திருந்தான்” என்ற பேச்சும் அப்படித்தான். நாற்றம் பொறுக்காமல் பலர் குடித்துவிட்டு இறங்குவது உண்மை. ஆனால் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவரையும் அந்தக் காற்று அதே நொடியில் சாய்க்கும்.

யார் அனுப்பப்படுகிறார்கள்? பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களை ‘நமஸ்தே’ திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு கணக்கெடுத்தது. 2024-இல் வெளியான விவரப்படி அதுவரை பதிவான சுமார் 38,000 பேரில் 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். 1993 முதல் இவ்வாறு இறந்தோர் பற்றி நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில், 200-க்கும் மேற்பட்ட சாவுகளுடன் தமிழ்நாடு முதலிடத்தில் நிற்கிறது. பெரியார் மண் என்று சொல்லிக்கொள்ளும் நாம் தலைகுனிய வேண்டிய முதலிடம் இது. சேற்றில் நிற்கும் நெல்லுக்குக்கூட இலையிலிருந்து வேருக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்கள் தண்டுக்குள் இருக்கின்றன. மலக்குழிக்குள் இறக்கப்படும் மனிதருக்கு ஒரு காற்றுக் குழாய்கூடத் தரப்படுவதில்லை.

சட்டமும் இயந்திரமும்

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல்முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பிணையில் வர முடியாத குற்றம். வீட்டுக்காரர், ஒப்பந்தக்காரர், அதிகாரி எல்லோருக்கும் பொருந்தும். இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் குடும்பத்தார் கேட்க வேண்டும். 2014-இல் 10 லட்சம் என்று நிர்ணயித்த இழப்பீட்டை 2023 அக்டோபர் 20-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் ஏற்பட்டால் குறைந்தது 20 லட்சம். சாவு வீட்டிலேயே இரண்டு மூன்று லட்சத்தில் பேசி முடிக்க வருகிறவர்களிடம் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இயந்திரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கேரள இளைஞர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ ரோபோவை 2018-லேயே கும்பகோணம் நகராட்சி இறக்கியது. அது பாதாளச் சாக்கடைக்கு. ஊர்களிலும் கடைத்தெருக்களிலும் ஆளைக் கொல்வது வீட்டுத் தொட்டிகள். லாரி வந்து தண்ணீரை உறிஞ்சிய பிறகு அடியில் இறுகிய கசடு நிற்கும். “கொஞ்சம் எறங்கிக் கிளறி விட்டுடுப்பா, ஐநூறு சேத்துத் தாறேன்” என்ற பேச்சு அப்போதுதான் வரும். இறங்க வேண்டியதில்லை. மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, நீளக் கழியால் கலக்கினால் அதையும் லாரியே உறிஞ்சிவிடும். ஒரு மணி நேரம் கூடுதலாகும், கொஞ்சம் பணம் கூடுதலாகும்.

தொட்டி நிறைந்தால் 14420 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். லாரி வரும்போது வீட்டு வாசலில் நின்று, “ஒருத்தரும் உள்ளே எறங்கக் கூடாது, கசடு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஐப்பசி மழையில் டெல்டாவின் தொட்டிகள் நிரம்பி வழியும். கூப்பிடும் அழைப்புகளும் கூடும். அதற்கு முன் ஒவ்வொரு நகராட்சியும் ஊராட்சியும் தங்கள் எல்லையில் ஓடும் லாரிகளையும் அதில் வேலை செய்யும் ஆட்களையும் பதிவு செய்து, அந்தப் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். அடுத்த கிராம சபையில் நாம் எழுந்து கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.