செழிப்பின் காலத்தில் சேர்க்க வேண்டியது

நம் நாட்டில் கோடை, குளிர் என்று நான்கு பருவங்கள் இல்லை. ஆனால், தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பருவம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். ஆண்டின் முதல் சில மாதங்களில் பால்மரங்கள் இலை உதிர்க்கும். அப்போது பால் குறையும், வருமானமும் குறையும். இதை அறிந்த தாய்மார்கள் முன்கூட்டியே உண்டியலில் நாலு காசு போட்டு வைத்தார்கள். இலை உதிர்ந்த பிறகு உண்டியலைத் தேடினால் அதில் என்ன இருக்கும்?

வாழ்க்கைக்கும் பருவங்கள் உண்டு. பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விடுகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு வருகிறது. நோய் வருகிறது. ஒரு நாள் துணையும் பிரிந்து போகிறார். வேதாகமத்தில் பிரசங்கியின் 3ஆம் அதிகாரம் மனித வாழ்வின் காலங்களை 14 இணைகளாக வரிசைப்படுத்துகிறது. அழுகைக்கு ஒரு காலம், நகைப்புக்கு ஒரு காலம் உண்டு என்று சொல்லும் அந்தப் பகுதி, எது எப்போது வரும் என்பதை நம் கையில் கொடுக்கவில்லை. அது வரும்போது நாம் எந்த நிலையில் இருப்போம் என்பதில்தான் நமக்குப் பங்கு உண்டு.

பணத்திற்கு நாம் ஆயத்தம் செய்கிறோம். மாதச் சம்பளத்தில் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போய்விடுகிறது. ஆத்துமாவுக்கோ, “ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தவணை சொல்கிறோம். வேலை அட்டையைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில், “இனி நான் யார்?” என்ற கேள்வி எழும்போது பலர் தடுமாறிப் போவது இதனால்தான்.

யோசேப்பின் வரலாற்றைப் பாருங்கள். சகோதரர்கள் அவனை விற்றபோது அவனுக்கு வயது 17. பார்வோன் முன் நின்றபோது வயது 30. இடைப்பட்ட 13 ஆண்டுகளும் அவன் அடிமையாகவும் கைதியாகவும் இருந்தான். ஆனாலும் போத்திபாரின் வீட்டிலும் சிறைச்சாலையிலும் தன்னிடம் ஒப்படைத்த வேலையை உண்மையாகச் செய்தான். பிறகு செழிப்பான 7 ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். பஞ்சத்தின் 7 ஆண்டுகளில் எகிப்து பிழைத்தது அந்தக் களஞ்சியத்தால்தான்.

நாம் எதைச் சேர்த்து வைப்பது?

முதலாவது, ஜெபம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜெபிக்கக் கற்றுக்கொள்வது கடினம். தினமும் காலையில் பத்து நிமிடம் தேவனோடு பேசிப் பழகியவருக்கு, அங்கே வார்த்தை வராவிட்டாலும் பழக்கம் கைகொடுக்கும்.

இரண்டாவது, வேத வசனம். கண்பார்வை மங்கும் நாள் வரலாம். 23ஆம் சங்கீதத்தில் 6 வசனங்களே உள்ளன. வாரத்திற்கு ஒன்று மனப்பாடம் செய்தாலும் ஒன்றரை மாதத்தில் முழுச் சங்கீதமும் நம்முடையதாகிவிடும்.

மூன்றாவது, மன்னிப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பஞ்சம் தொடங்கும் முன்பே யோசேப்புக்கு மூத்த மகன் பிறந்தான். தன் வருத்தத்தைத் தேவன் மறக்கச் செய்தார் என்ற பொருளில் அவனுக்கு மனாசே என்று பெயரிட்டான். ஆண்டுகள் கழித்துச் சகோதரர்கள் தானியம் வாங்க வந்தபோது, அவர்களைச் சோதித்துப் பார்த்தான், ஆனால் பழிவாங்கவில்லை. உள்ளத்தில் நடக்க வேண்டிய வேலை செழிப்பின் நாட்களிலேயே தொடங்கிவிட்டது. சொத்துக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! மரண வீட்டில் பெட்டியின் அருகே நின்று அழுவதைவிட, இன்று மாலை ஒரு தொலைபேசி அழைப்பு மேலானது அல்லவா?

ஆயத்தமாக இருப்பவர் அழமாட்டார் என்று எண்ண வேண்டாம். யோசேப்பு சகோதரர்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். லாசருவை இழந்தவர்கள் அழுவதைக் கண்டு இயேசுவே கண்ணீர் விட்டார். அழுகையின் காலத்தில் அழலாம். நம்பிக்கையை மட்டும் விட்டுவிடலாகாது.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். யோசேப்பின் களஞ்சியம் எகிப்துக்கு மட்டும் உதவவில்லை. சுற்றியிருந்த தேசத்தாரும் வந்து தானியம் வாங்கிப் பிழைத்தார்கள். இன்று நீங்கள் சேர்க்கும் ஜெபமும் விசுவாசமும், நாளை துணையை இழந்த பக்கத்து வீட்டுக்காரருக்கோ, வேலை இழந்த உங்கள் மகனுக்கோ ஆகாரமாகலாம். உங்கள் வாழ்க்கையில் இது நல்ல காலமாக இருந்தால், இதுவே சேர்க்கும் காலம். ஏற்கெனவே இலை உதிரத் தொடங்கிவிட்டதா? அப்போதும் கலங்க வேண்டாம். யோசேப்போடு சிறையில் இருந்த தேவன் உங்களோடும் இருக்கிறார். இன்று ஒரு பிடி சேர்க்கத் தொடங்குங்கள்.