ஒரே ஒரு கமாண்டு... உலகமே கப்சிப்! தெரியுமா?

காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும் முதலில் எதைத் திறக்கிறீர்கள்? மெயில், டீம்ஸ், ஸ்லாக், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்... சரிதானே? இதில் ஒன்றாவது உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் ஓடுகிறதா? ஊஹும்! எல்லாம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில். அதற்குப் பெயர்தான் கிளவுட். அந்த மேகத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா? வாயைப் பிளக்கத் தயாரா?

ஒரு வாரம்தான் வித்தியாசம்!

அமேசானின் 'எஸ்3' கிளவுட் சேமிப்பு வெளியானது 2006 மார்ச் 14. ட்விட்டரில் முதல் ட்வீட் வந்தது 2006 மார்ச் 21. இன்று உலகத்தின் ஆபீஸ்களையெல்லாம் ஆட்டிப்படைக்கும் இரண்டு சமாச்சாரங்கள், ஏழே நாள் இடைவெளியில்! எஸ்3-யில் ஒரு ஜிபி இடத்துக்கு அப்போது மாத வாடகை எவ்வளவு தெரியுமா? வெறும் 15 சென்ட்! அந்த முதல் ட்வீட்டின் டிஜிட்டல் உரிமைப் பத்திரம் 2021-இல் விலைபோனது எவ்வளவுக்குத் தெரியுமா? 29 லட்சம் டாலருக்கும் மேல்! இத்தனைக்கும் அது ஒற்றை வரி!

பச்சை விளக்கு எரிந்தது ஏன்?

2017 பிப்ரவரி 28. வர்ஜீனியாவில் அமேசானின் பில்லிங் மென்பொருள் மந்தமாக ஓடுகிறதே என்று பார்க்கப்போனார் ஒரு ஊழியர். சில சர்வர்களை மட்டும் நிறுத்த ஒரு கமாண்டு அடித்தார். அதில் ஒரு எழுத்துப் பிழை! சில சர்வர்களுக்குப் பதிலாகப் பெருங்கூட்டமே படுத்துவிட்டது. சுமார் 4 மணி நேரம் எஸ்3-யை நம்பியிருந்த எண்ணற்ற தளங்கள் காலி! இதில் உச்சகட்ட வேடிக்கை என்ன தெரியுமா? 'எங்கள் சேவை நலமா?' என்று காட்டும் அமேசானின் பலகையும் அதே எஸ்3-யில்தான் இருந்தது. அதனால் அதை மாற்றவே முடியவில்லை! உள்ளே எல்லாம் கவிழ்ந்து கிடக்க, பலகையில் மட்டும் பச்சை! கடைசியில் நிலவரத்தைச் சொல்ல எங்கே ஓடினார்கள்? ட்விட்டருக்கு!

சொந்த ஆபீஸுக்குள்ளேயே நுழைய முடியாதவர்கள்!

இதைவிடப் பெரிய கூத்து 2021 அக்டோபர் 4 அன்று நடந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் மாயம்! சுமார் 6 மணி நேரம்! காரணம்? வழக்கமான பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கமாண்டு, டேட்டா சென்டர்களை இணைக்கும் மொத்த நெட்வொர்க்கையும் துண்டித்துவிட்டது. தப்பான கமாண்டைத் தடுக்கத்தான் ஒரு காவல் மென்பொருள் இருந்ததே? இருந்தது. அதிலும் ஒரு பிழை!

சரி, உடனே சரிசெய்ய வேண்டியதுதானே என்கிறீர்களா? எப்படி? ஊழியர்கள் பேசிக்கொள்ளும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்! அடையாள அட்டையைத் தேய்த்தால் திறக்கும் கதவுகள் சிலவும் திறக்கவில்லை! சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்! பொறியாளர்களை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே கட்டுக்காவல் அத்தனை கெடுபிடி என்பதால் உள்ளே போகவே நேரம் பிடித்தது. ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது எங்கே, சொல்லுங்கள்? அதே ட்விட்டரில்தான்! பாவம் ஃபேஸ்புக், போட்டியாளரின் திண்ணையில் உட்கார்ந்து அழ வேண்டியதாயிற்று!

அந்த ட்விட்டரிலும் ஒரு கூத்து உண்டு! வேலையின் கடைசி நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ட்விட்டர் ஊழியர் ஒருவரின் கடைசி நாளில், 2017 நவம்பரில், அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் கணக்கே காணாமல் போனது! 11 நிமிடம்!

பாஸ்வேர்டு மறந்த ஆளுநர்!

2018 ஜனவரி 13, ஹவாய். 'ஏவுகணை வருகிறது, பதுங்குங்கள்' என்று மக்களின் போன்கள் அலறின. அது பொய் எச்சரிக்கை! பேரிடர் ஆபீஸில் நடந்த ஒத்திகையின்போது தவறுதலாகப் போன மெசேஜ். அதைத் திருத்தி மறு மெசேஜ் வர எத்தனை நேரம் ஆனது தெரியுமா? 38 நிமிடம்! ஆளுநருக்கு இரண்டே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் அவர் ட்விட்டரில் சொல்ல மேலும் 15 நிமிடம் ஆனது. ஏன்? லாகின் விவரம் நினைவில் இல்லையாம்! பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்!

இரண்டு தோல்வி, இரண்டு ஜாக்பாட்!

ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் என்பவர் ஆன்லைன் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். அது ஓடவில்லை. ஆனால் அதன் மிச்சத்திலிருந்து பிறந்தது ஃப்ளிக்கர், அந்தக் காலத்தின் பிரபல புகைப்படத் தளம்! மனிதர் விட்டாரா? மறுபடியும் ஒரு விளையாட்டு. பெயர் கிளிட்ச். அதையும் 2012-இல் மூட வேண்டியதாயிற்று. ஆனால் அதை உருவாக்கும்போது ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவி செய்து வைத்திருந்தார்கள். அதுதான் ஸ்லாக்! 2020 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் அதற்குப் பேசிய விலை 2,770 கோடி டாலர்! அம்மாடியோவ்! இப்படித் தோற்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

வாட்ஸ்அப்பில் பேசினால் அபராதமா?

ஆமாம்! அமெரிக்காவில் பங்குச்சந்தை நிறுவனங்கள் தொழில் சம்பந்தமான பேச்சையெல்லாம் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும். ஊழியர்களோ சொந்த போனில் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்கள். ஜேபி மார்கனுக்கு 2021 டிசம்பரில் 20 கோடி டாலர் அபராதம்! அடுத்த செப்டம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ், சிட்டி, பார்க்ளேஸ் என்று ஒரு பட்டாளமே மாட்டியது. மொத்தம் சுமார் 180 கோடி டாலர்!

வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 2014-இல் 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 55!

ஒரு கட்டைவிரலின் விலை!

'ஓகே' என்று சொல்லச் சோம்பேறித்தனப்பட்டு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுபவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள்! கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, 2021-இல் ஒரு விவசாயிக்கு ஆளி விதை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து போனில் அனுப்பியது. உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டது. அவர் பதிலுக்கு அனுப்பியது ஒரே ஒரு கட்டைவிரல்! விதை வந்து சேரவில்லை. அதற்குள் விலையும் எகிறிவிட்டது. 'மெசேஜ் கிடைத்தது என்று சொல்லத்தான் விரலைக் காட்டினேன், சம்மதம் என்று சொல்லவில்லையே' என்றார் விவசாயி. நீதிபதி ஒப்புக்கொண்டாரா? இல்லை! கட்டைவிரலும் கையெழுத்துதான் என்று 2023-இல் தீர்ப்பு! இழப்பீடு 82,000 கனடிய டாலருக்கும் மேல்! இனி ஆபீஸ் குரூப்பில் விரலை நீட்டுமுன் யோசிப்பீர்களா, மாட்டீர்களா?

மேகத்தில் இடி விழுமா?

விழும்! 2015 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் கூகுள் டேட்டா சென்டருக்கு மின்சாரம் தரும் கட்டமைப்பை மின்னல் தாக்கியது. அதுவும் அடுத்தடுத்து நான்கு முறை! நிரந்தரமாக அழிந்த தகவல் 0.000001 சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். எத்தனை சைபர், எண்ணிப் பாருங்கள்!

இடியே தேவையில்லை, காலியாக விட்ட ஒரு கட்டம் போதும்! ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் அதற்கென ஒதுக்கியிருந்த தனி கிளவுட் தானாகவே அழிந்துபோனது! முன்பு அமைக்கும்போது கூகுள் தரப்பில் ஒரு விவரத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். 'ஒரு வருடம்தான் கெடு' என்று கணினியே எடுத்துக்கொண்டு, கெடு முடிந்ததும் துடைத்து எறிந்துவிட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்தும் இரண்டிலுமே காலி! காப்பாற்றியது எது? தனியே வைத்திருந்த நகல்கள்!

தென்கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2025 செப்டம்பரில் டேஜியோன் நகர அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தலைக்கு 30 ஜிபி வீதம் ஆபீஸ் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' சாம்பல்! அளவு 858 டெராபைட். வெளியே நகல் வைத்திருந்தார்களா? இல்லை! ஏன்? அளவு ரொம்பப் பெரிசாம்!

தினமும் ஒரு குரங்குச் சேட்டை!

நெட்ஃபிளிக்ஸ் ஒரு மென்பொருள் செய்தது. அதன் வேலை என்ன தெரியுமா? நெட்ஃபிளிக்ஸே பயன்படுத்தும் சர்வர்களைக் கண்டபடி அணைப்பது! பெயர் 'கேயாஸ் மங்கி'. அதுவும் ஆபீஸ் நேரத்தில்தான் சேட்டை செய்யும். பொறியாளர்கள் விழித்திருக்கும்போதே விழுந்து எழப் பழகட்டும் என்றுதான்! இன்னொரு விஷயம்: அந்த சர்வர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் வாடகை கட்டுவது அமேசானுக்கு. பிரைம் வீடியோ நடத்துகிறதே, அதே அமேசானுக்குத்தான்!

மேகம் கடலுக்கு அடியில் போகுமா? போனதே! 2018-இல் மைக்ரோசாஃப்ட் 864 சர்வர்களை ஒரு உருளைக்குள் அடைத்து ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகள் அருகே 117 அடி ஆழத்தில் இறக்கியது. இரண்டு வருடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், பழுதானவை தரையில் இருப்பதில் எட்டில் ஒரு பங்குதான்! உள்ளே நைட்ரஜன் மட்டும், மனித நடமாட்டமே கிடையாது. தட்டிவிட ஆள் இல்லாவிட்டால் மெஷினுக்கு ஆயுசு கெட்டி போலிருக்கிறது!

நம்ம ஊர் மேகம்!

உலகம் முழுக்க ஆபீஸ்களுக்கு மென்பொருள் தரும் ஜோஹோவின் ஒரு ஆபீஸ் தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் இருக்கிறது, தெரியும்தானே? அந்த ஜோஹோவின் இணைய முகவரியையே 2018 செப்டம்பரில் அமெரிக்கப் பதிவு நிறுவனம் ஒன்று முடக்கிவிட்டது! சில மோசடி மெயில் புகார்களுக்காக! கோடிக்கணக்கான பயனாளர்கள் திண்டாட, ஸ்ரீதர் வேம்பு உதவி கேட்டு எங்கே குரல் கொடுத்தார்? வேறெங்கே, ட்விட்டரில்! அதே ஜோஹோவின் 'அரட்டை' செயலியில் நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பரில் மூன்றே நாளில் அது நாளுக்கு 3,50,000 ஆனது! நூறு மடங்குக்கும் மேல்!

மேகத்துக்கும் தாகம் உண்டு! அயர்லாந்தின் மின்சாரத்தில் டேட்டா சென்டர்கள் குடிப்பது எவ்வளவு? 2023 கணக்கில் 21 சதவீதம்! நகர வீடுகள் எல்லாம் சேர்ந்தே 18 சதவீதம்தான்!

லீவில் மெயிலா? மூச்!

ஃபோக்ஸ்வாகன் 2011-இலேயே ஜெர்மனியில் ஒரு காரியம் செய்தது. ஷிப்ட் முடிந்து 30 நிமிடம் ஆனதும் ஊழியர்களின் பிளாக்பெர்ரிக்கு மெயில் போவதை சர்வரே நிறுத்திவிட்டது! 2017 முதல் பிரான்ஸில், 2024 ஆகஸ்ட் முதல் ஆஸ்திரேலியாவில், ஆபீஸ் நேரம் முடிந்தபின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமைக்குச் சட்டமே இருக்கிறது. ஆனால் 2014-இல் ஜெர்மனியின் டைம்லர் கார் நிறுவனம் வைத்திருந்த ஏற்பாட்டை அடித்துக்கொள்ள ஆளே இல்லை! அந்த வசதியைத் தேர்ந்தெடுத்த ஊழியர் லீவில் இருக்கும்போது மெயில் அனுப்பினால் என்ன ஆனது தெரியுமா? 'அவர் விடுமுறையில் இருக்கிறார், அவசரம் என்றால் இன்னாரைப் பிடியுங்கள்' என்று பதில் வந்தது. வந்த மெயில்? அழிக்கப்பட்டது! லீவு முடிந்து வந்து திறந்தால் குவிந்த மெயில் ஒன்றுகூட இல்லை! ஜெர்மனிக்கு டிக்கெட் எவ்வளவு, விசாரிக்கலாமா?