உறைமோர் வாங்கும் கிருமிகள்

ஓர் ஆன்டிபயாடிக்கைச் சில ஆண்டுகள் யாருக்கும் கொடுக்காமல் வைத்தால், கிருமிகள் அதை எதிர்க்கும் வித்தையை மறந்துவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான எதிர்பார்ப்புதான். மருந்தே இல்லாதபோது எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது வீண் செலவு; சுமக்காத கிருமி பெருகி முந்திவிட வேண்டும். பிரிட்டனில் இந்தச் சோதனை தானாகவே நடந்தது. 1991க்கும் 1999க்கும் இடையில் அங்கே சல்ஃபோனமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்து எழுதித் தரப்படுவது 97 விழுக்காடு குறைந்தது. லண்டன் மருத்துவமனை ஒன்று சேகரித்த ஈ.கோலை பாக்டீரியாவில் அம்மருந்துக்கு மசியாதவை அதே காலத்தில் 40 விழுக்காட்டிலிருந்து 46 ஆகக் கூடின. மறப்பதாவது!

இத்தகைய மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்கிற தனி டிஎன்ஏ வளையத்தில் குடியிருப்பவை. ஒரு பாக்டீரியா இன்னொன்றை நுண்ணிழையால் பற்றி இழுக்கும். வளையத்தின் ஈரிழைகளில் ஒன்று வெட்டுப்பட்டு அடுத்த செல்லுக்குள் நழுவும். இரண்டு செல்களுமே இல்லாத இழையைச் செய்து நிரப்பிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது போலத்தான்: கொடுத்தவர் பானையில் குறைவதில்லை, வாங்கியவர் நாளைக்கு நாலு வீட்டுக்குக் கொடுக்கலாம், பசும்பாலா எருமைப்பாலா என்ற பேதமும் இல்லை. ஆனால் இந்த மோரைக் கொட்டிக் கழுவினால் பானையே உடைந்துவிடும். பல பிளாஸ்மிட்கள் ஒரு நஞ்சையும் அதற்கான முறிவையும் சேர்த்தே தயாரிக்கின்றன. நஞ்சு நீடிக்கும், முறிவு சீக்கிரம் சிதையும். செல் பிரியும்போது வளையம் கிடைக்காமல் போகும் பிள்ளைக்கு எஞ்சுவது நஞ்சு மட்டுமே. போதாததற்கு, ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு மருந்தை விட்டாலும் இன்னொன்று மொத்தத்தையும் காப்பாற்றிவிடும்.

இது புதுச் செய்தியல்ல. சீதபேதிக் கிருமியும் ஈ.கோலையும் எதிர்ப்புத்திறனைக் கைமாற்றிக்கொள்வதை ஜப்பானியர் 1959லேயே காட்டிவிட்டார்கள். ‘சூப்பர் கிருமி’ என்று அலறும் தலைப்புகள்தான் இன்னும் ஒற்றைக் குற்றவாளியைத் தேடுகின்றன.

அப்படியானால் மருந்தை நிறுத்தியே பயனில்லையா? அதுவும் மிகை. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பது 2015இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கொலிஸ்டினைக் கலப்பதை 2017இல் அந்நாடு தடைசெய்தது. அதன்பின் பன்றிகளிலும் மனிதர்களிலும் அம்மரபணு கணிசமாகக் குறைந்தது, ஒழியவில்லை. அந்த மரபணு கிருமியின் வெளிச்சவ்வையே மாற்றுவதால் சுமை அதிகம், கைவிட ஆதாயமுண்டு. சல்ஃபோனமைடில் அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. ஆகவே நிறுத்தினால் போதும் என்பதும், நிறுத்தி என்ன பயன் என்பதும் ஒரே அளவு தவறு. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்குக் கொலிஸ்டின் தருவதை இந்தியாவும் 2019இல் தடைசெய்தது.