ஆளறிந்து நடக்கும் கணிப்பொறி

ஜக்கார்டுப் பெட்டியில் அட்டைகளைக் கோத்துவிட்டால், தறியில் அமர்பவர் யாராயினும் ஒரே பூவேலைதான் விழும். துளையிட்ட அட்டையால் கட்டளையிடும் அம்முறை, 1890இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்குக்கும், பின்னர்க் கணிப்பொறிக்கும் பயன்பட்டது. இன்று கைப்பேசியிலுள்ள கணிப்பொறியோ, அமர்பவரைப் பார்த்து அட்டையையே மாற்றிக்கொள்ளும் தறியை ஒத்தது. அது நிகழும் விதத்தை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

இத்தகைய அமைப்புகளுள் முன்னோடிகளில் ஒன்று ‘கிரண்டி’. அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலைன் ரிச் 1979இல் இதனை விளக்கி எழுதினார். நூலகரைப்போல் அது வாசகரிடம் தம்மைப் பற்றிச் சில சொற்கள் கேட்கும். அவற்றைக் கொண்டு அவர் இன்ன வகையினர் என ஊகித்து நாவல் ஒன்றைப் பரிந்துரைக்கும். அவருக்கு அது பிடிக்காவிடில் தன் ஊகத்தைத் திருத்திக்கொள்ளும்.

இன்றைய செயலிகள் இரு வழிகளில் நம்மை அறிகின்றன. ஒன்று, நாமே கூறுவது. தமிழக அரசு 2018இல் தொடங்கிய உழவன் செயலியில் பதிவு செய்வோர் தம் ஊர் விவரத்தைத் தாமே தெரிவிக்கின்றனர். மற்றொன்று, நாம் கூறாமலே ஊகிப்பது. எதைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், எதைத் தள்ளினோம் என்பவற்றைக் கொண்டு, யூடியூப் அடுத்துக் காட்டுவதைத் தெரிந்தெடுக்கிறது.

முன்னதில் பிழை நேர்ந்தால் நம் கண்ணில் படும், பின்னதில் படாது. மணியாச்சிக் கரிசலில் ஒரு குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி இருப்பதாகக் கொள்வோம். காய்ப்புழு மருந்து ஒன்றைப் பற்றிய படங்களை மகன் சிலமுறை பார்க்கிறான். பின்னர்த் தந்தை கைப்பேசியை எடுத்தால், அதே மருந்தே மீண்டும் மீண்டும் வருகிறது. ஊரெங்கும் அதைத்தான் தெளிக்கிறார்கள் போலும் என்று அவர் எண்ணக்கூடும். உண்மையில் அது அவர் வீட்டாரின் பார்வையே திரும்பி வந்ததாகும். தட்டிய விரலைத்தான் பொறி அறியும். நிலத்தின் ஈரத்தையோ செடியின் நிலையையோ அறியாது. வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பிய மானாவாரிப் பருத்திக்காரருக்கு, வீண்செலவும் தவறிய பருவமும் ஆண்டு முழுவதையும் பாதிக்கும்.

ஆகவே, பலமுறை வருவதைப் பலரும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளற்க. பயிர், மண், ஊர் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் புதிதாகத் தேடுக. வேண்டாதவற்றை ‘விருப்பமில்லை’ எனக் குறித்திடுக. பார்த்தவற்றின் பட்டியலை அவ்வப்போது அழித்திடுக. மருந்து வாங்குமுன் வேளாண்மை அலுவலரையோ கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையோ கலந்துகொள்க. நம்மை அறிந்து நடக்கும் பொறியை, நாமும் அறிந்து நடத்துவோமாக.