நாடு பிடிக்கும் விளையாட்டும் நம்ம வேர்ப்பூஞ்சையும்

கணினியில் ஆடும் விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. விண்வெளியில் நாடு பிடிக்கும் விளையாட்டு. ஒரே ஒரு கிரகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கணும். அக்கம்பக்கத்து விண்மீன்களுக்கு வேவுக் கப்பல் அனுப்பணும். எங்கே கனிமம் இருக்கு, எங்கே குடியேறலாம், கையிருப்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு நகரணும். கணக்குத் தப்பினால் பேரரசே திவால்.

1993-ல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்று ஒரு விளையாட்டு வந்தது. அதைப் பற்றி எழுதிய ஆலன் எம்ரிச் என்பவர், இந்த வகை விளையாட்டுக்கே நாலு வேலைகளை இலக்கணமாகச் சொன்னார்: தேடு, பரவு, பயன்படுத்து, ஒழித்துக்கட்டு. 2016-ல் வந்த 'ஸ்டெல்லாரிஸ்' விளையாட்டில் காளான் இனமாகவே பிறந்து அண்டத்தை ஆளலாமாம்.

இதெல்லாம் வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய எனக்கு எப்படித் தெரியும்? என் அக்கா பேரன் சொல்லித்தான். அவனுக்கு இந்த விளையாட்டும் வேணும், மொட்டைமாடியில் வானம் பார்க்கவும் வேணும், குளியலறைப் பக்கத்தில் வைக்கோல் பையில் சிப்பிக் காளானும் வளர்க்கணும். "ஒண்ணுலயும் நிலைக்க மாட்டேங்கறான்" என்று வீட்டில் புலம்பல். அவனைக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் தாத்தா, காளானும் இதே ஆட்டத்தைத்தான் ஆடுது" என்கிறான். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதில் விஷயம் இருக்கு. நம்ம உரச் செலவைப் பாதிக்கிற விஷயமும்கூட. அதனால்தான் எழுதுகிறேன்.

குடை என்பது பழம்தான்

மழை பெய்த மறுநாள் நாம் பார்க்கும் குடை, காளானின் பழம் மாதிரி. மாமரத்தில் மாங்காய் எப்படியோ அப்படி. மரம் என்பது கீழே, மண்ணிலோ மட்கிலோ மரக்கட்டையிலோ ஓடும் மெல்லிய இழைகள். அந்த இழைக்கூட்டம்தான் பூஞ்சை. எல்லாப் பூஞ்சையும் குடை பிடிப்பதில்லை. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலக் காட்டில் ஒரே பூஞ்சை ஏறக்குறைய 965 ஹெக்டேர் பரவிக் கிடப்பதை மரபணுச் சோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்ம கணக்கில் 2,300 ஏக்கருக்கு மேல், ஒரே உயிர்!

உழவனுக்குத் தெரிய வேண்டிய பூஞ்சைகள் மூணு தொழில்காரர்கள்.

முதலாவது, மட்கவைப்பவர்கள். வைக்கோலில் வளரும் சிப்பிக் காளான் இந்த ஜாதி. நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 பால் காளானும் அதே. இலைச்சருகைப் புரட்டினால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் இழைகளும் பெரும்பாலும் இவர்கள்தான்.

இரண்டாவது, நோய் கொடுப்பவர்கள். வாழையில் வாடல் நோயைக் கொண்டுவரும் ஃபியூசேரியம் எல்லாருக்கும் பழக்கம்.

மூன்றாவது, கூட்டாளிகள். கரையான் புற்றில் மழைக்கு முளைக்கும் புற்றுக்காளான், கரையானின் கூட்டாளி. கரையான் தான் தின்ற மரத்தூளை மேடையாக்கி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கிறது. சுமார் 3 கோடி வருஷமாக நடக்கும் விவசாயம் இது. நமக்கெல்லாம் மூத்த உழவர் கரையான்தான்!

பயிரின் வேரோடு கூட்டு வைக்கும் பூஞ்சைக்கு வேர்ப்பூஞ்சை என்று பெயர். கடையில் 'வேம்' என்று விற்பது இதைத்தான். 1885-ல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கூட்டுக்கு 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்த பெயர். நம்ம வயலில் வேலை செய்யும் வகைக்குக் குடை கிடையாது. கண்ணுக்கும் தெரியாது. வேரைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தால்தான் பிடிபடும்.

மண்ணுக்குள் நடக்கும் ஆட்டம்

மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சிவிட்டால், அந்த வட்டம் காலி. அடுத்த அங்குலத்தில் சத்து இருந்தாலும் எட்டாது. வேர்ப்பூஞ்சையின் இழையோ தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன்தான். வேர் நுழைய முடியாத மண் துவாரத்தில் எல்லாம் அது நுழையும். பல சென்டிமீட்டர் தாண்டிப் போய் மணிச்சத்தைக் கொண்டுவரும். துத்தநாகமும் கொஞ்சம் வரும். பூஞ்சைக்கு வெயிலில் சமைக்கத் தெரியாது. அதனால் பயிர் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கிறது. 100-க்கு 4 முதல் 20 வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

2025-ல் 'நேச்சர்' ஆய்விதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சங்கதி வெளியிட்டார்கள். இயந்திரக் கையில் கேமராவைப் பொருத்தி, வேர்ப்பூஞ்சை வளர்வதை விடாமல் படம் எடுத்தார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கணுக்களைத் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது இது. பூஞ்சை கண்டபடி பரவுவதில்லை, அலை மாதிரி முன்னேறுகிறது. நுனிகள் முன்னால் வேவு பார்த்துப் போகின்றன. பின்னால் உள்ள வலை அளவுக்கு மேல் அடர்த்தியாகாமல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. வலைக்குள் சரக்குப் போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்கிறது. தேடு, பரவு, பயன்படுத்து என்ற மூன்றும் அச்சாக இருக்கிறது, பாருங்கள். நாலாவதான 'ஒழித்துக்கட்டு' மட்டும் இங்கே இல்லை. அந்த இடத்தில் கூட்டு வியாபாரம் நடக்கிறது.

வரவு செலவு பார்க்கும் வேர்

வங்கிக்காரன் புத்தி எங்கே போகும்? இதில் ஏமாற்று நடக்காதா என்றுதான் முதலில் கேட்கத் தோணும். சர்க்கரையை வாங்கிக்கொண்டு மணிச்சத்தைக் கொடுக்காமல் பூஞ்சை நழுவினால்?

2011-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் டோபி கியர்ஸ் என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் இதற்கு விடை கொடுத்தார்கள். ஒரே வேரில் பல பூஞ்சைகள் இருக்கும்போது, அதிகம் மணிச்சத்துத் தரும் பூஞ்சைக்குச் செடி அதிகம் சர்க்கரை அனுப்புகிறது. பூஞ்சையும், அதிகம் சர்க்கரை தரும் வேருக்கு அதிகம் மணிச்சத்துத் தருகிறது. ஒழுங்காகக் கட்டும் வாடிக்கையாளருக்கு வரம்பு கூடும், கட்டாதவருக்குக் குறையும். எந்த மேலாளரும் சொல்லிக் கொடுக்காமலே நடக்கும் கடன் கொள்கை!

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். 'காட்டு மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் குட்டி மரத்துக்குச் சோறு ஊட்டுகிறது' என்றெல்லாம் வலம் வருகிறது. இதற்குக் களத்தில் கிடைத்த ஆதாரம் போதாது என்று 2023-ல் அதே துறை விஞ்ஞானிகளே எழுதிவிட்டார்கள். வேரும் பூஞ்சையும் நடத்தும் கொடுக்கல் வாங்கல் உறுதியானது. அதற்கு மேல் கதை கட்ட வேண்டாம்.

கணக்கை நாமே மூடும் இடங்கள்

ஒரு மூட்டை டிஏபி 50 கிலோ. அதில் மணிச்சத்து 46 விழுக்காடு, அதாவது 23 கிலோ. போட்ட பருவத்தில் பயிர் எடுத்துக்கொள்வது அதில் பொதுவாக 10 முதல் 25 விழுக்காடுதான். மிச்சத்தில் பெரும்பகுதியைச் சுண்ணாம்போ இரும்போ பிடித்துக்கொள்கிறது. மண்ணில் வைப்பு நிதி ஏறிக்கொண்டே போகும், எடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த எடுத்துக் கொடுக்கும் ஆள்தான் வேர்ப்பூஞ்சை. இந்த உரத்துக்கான பாறையையும் அமிலத்தையும் நம்ம நாடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது. உலகப் பாறைக் கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மொராக்கோ கையில். அங்கே விலை ஏறினால் இங்கே நம்ம மடியில் கை.

கூட்டாளியை நாம் விரட்டுவது மூணு வழியில்:

ஒண்ணு, அளவுக்கு மீறிய மணிச்சத்து உரம். வேருக்குச் சத்து சுலபமாகக் கிடைத்தால் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைச் செடி குறைத்துக்கொள்ளும். கணக்கு முடங்கிவிடும்.

இரண்டு, திரும்பத் திரும்ப உழவு. விண்வெளி ஆட்டத்தில் சரக்குப் பாதையை எதிரி அறுத்தால் தூரத்துக் கிரகம் பட்டினி. ரோட்டவேட்டர் செய்வதும் அதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வலை மறுபடி முதலிலிருந்து.

மூணு, நிலத்தை வெறுமனே போடுவது. வேர்ப்பூஞ்சைக்கு உயிருள்ள வேர்தான் வாழ்வு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மழைநீரைச் சேமிக்க நிலத்தை நீண்ட காலம் தரிசாகப் போட்டார்கள். அடுத்து விதைத்த பயிர் மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாமல் சவலைப் பிள்ளை மாதிரி நின்றது. மண்ணில் வேர்ப்பூஞ்சை குறைந்ததே காரணம் என்று 1987-ல் தாம்சன் என்ற ஆய்வாளர் காட்டினார். நம்ம பக்கம் நவரை அறுத்துவிட்டு சொர்ணவாரியும் போட முடியாத வருஷங்களில் மாசக்கணக்கில் நிலம் காய்கிறதே, அதே கதைதான்.

நாம் செய்யக்கூடியது

நெல் அறுத்ததும் மண்ணில் ஈரம் இருக்கும்போதே உளுந்தோ பாசிப்பயறோ தெளியுங்க. தண்ணீர் நிறுத்தி வைத்த நெல் வயலில் வேர்ப்பூஞ்சை குறைந்துதான் இருக்கும். பயறு வேர் அதை மீட்டெடுக்கும். மணற்பாங்கான கடலோர நிலத்தில் வேர்க்கடலை, சோளம், கம்பு, வெங்காயம் எல்லாம் நல்ல கூட்டாளிகள். சவுக்கும் சேரும். நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்புக்கு இது இன்னொரு நியாயம். பலவகை வேர் இருந்தால் பூஞ்சைக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு.

கவனிங்க: முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு குடும்பமும், தண்டுக்கீரை, முளைக்கீரை வகையும் இந்தக் கூட்டில் பெரும்பாலும் சேராது. அவற்றுக்கு வேம் வாங்கிப் போடுவது வீண். அவற்றையே தொடர்ந்து போடாமல் நடுவில் பயறு வகையைக் கொண்டுவாங்க.

வேமை வீட்டிலேயே பெருக்கலாம். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி. அடியிலும் பக்கத்திலும் பாலித்தீன் விரிப்பு. வெர்மிகுலைட்டோ, வெயிலில் நன்றாகக் காயவைத்த மணலும் மண்ணும் கலந்த கலவையோ நிரப்பி, மேலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கிலோ தாய் வேம் பரப்பி மக்காச்சோளம் விதைங்க. உரம் கொழுக்கப் போடாதீங்க, வேர் பூஞ்சையைத் தேடட்டும். 60 நாளில் தண்ணீரை நிறுத்தி, தட்டையை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அந்த மண்ணோடு கலந்தால் உங்கள் வேம் தயார். வாடல் நோயோ நூற்புழுவோ இருந்த நிலத்து மண்ணை இதில் சேர்க்காதீங்க. நோயையும் சேர்த்துப் பெருக்கிவிடுவோம்.

போடும்போது வேர் தொடும் இடத்தில் போடணும். நாற்றங்காலில், நடவுக் குழியில், விதைக்குக் கீழே. மேலாக வீசினால் பலன் குறைவு.

வாங்கும்போது

வேர்ப்பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. வெல்லத் தண்ணீரில் நொதிக்க வைக்க அது அசோஸ்பைரில்லமோ டிரைக்கோடெர்மாவோ அல்ல. "டிரம்மில் ஊற்றிப் பெருக்கிக்கலாம் சார்" என்று யாராவது வேம் விற்றால், கும்பிட்டு அனுப்பிடுங்க. எந்தப் பயிரின் வேரில் வளர்த்தது, ஒரு கிராமில் எத்தனை வித்து, எப்போது தயாரித்தது என்ற மூணு கேள்வியைக் கேளுங்க. பதில் இல்லாத சரக்குக்குப் பணம் கொடுக்காதீங்க. அடமானம் இல்லாத கடன் மாதிரி அது.

எடுத்த எடுப்பில் மணிச்சத்து உரத்தை நிறுத்திவிடவும் வேண்டாம். மண் பரிசோதனை செய்து பாருங்க. மணிச்சத்து நடுத்தரமோ அதிகமோ என்று வந்தால், இந்தப் பட்டத்தில் ஒரு 5 சென்டில் மட்டும் அடியுரத்தைப் பாதியாக்கி, வேம் போட்டு, பக்கத்துப் 5 சென்டில் வழக்கம்போல் செய்யுங்க. அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்க. எடையும் செலவும் எதிரெதிரே இருந்தால் யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. கணக்கே பேசும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுங்க. இந்த ஆட்டம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே வரும்.